கேரேஜ்ல கெடக்கிற பழைய பூட்ஸ நம்பி அஞ்சு நாள் நடக்கலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 49 வயசு, தென்னாப்பிரிக்கால டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்ல இருக்கேன். ஒரு காலத்துல டிராக்கன்ஸ்பர்க் மலைல நல்லா நடந்தவ, கடைசியா அஞ்சு நாள் ஹைக் போனது 2006ல. அப்புறம் ரெண்டு பிள்ளைங்க, மாமியாருக்கு முடியாம போச்சு, வேலை, அப்படியே வருஷம் ஓடிடுச்சு. இப்போ யூனிவர்சிட்டி படிக்கிற பொண்ணு, செப்டம்பர் லீவுல அதே மலைல அஞ்சு நாள் நடக்கிற ஜயன்ட்ஸ் கப் ட்ரெய்ல் போலாம்மான்னு கூப்பிடுறா. கேரேஜ்ல என்னோட பழைய பூட்ஸ், 70 லிட்டர் பேக், ஸ்லீப்பிங் பேக், டென்ட், ஸ்டவ் எல்லாம் பத்திரமா இருக்கு. வீட்டுக்காரர் இதுவே போதும்ங்கிறார், பொண்ணு எல்லாத்தையும் புதுசா வாங்கணும்ங்கிறா. கடைக்கு போய் பாத்தா விலை தலைய சுத்துது. எத வாங்கணும், எத வச்சுக்கணும்? அந்த பழைய பேக்க தூக்கிப் போடவும் மனசு வரல.

பதில்: தங்கச்சி, இத படிச்சதும் மொதல்ல கேரேஜுக்கு போய் அந்த பூட்ஸ வெளிய எடுங்க. மேல இருக்கிற லெதர பாக்காதீங்க, அது இன்னும் அழகாதான் இருக்கும். லெதருக்கும் அடியில இருக்கிற கட்டை ரப்பருக்கும் நடுவுல நுரை மாதிரி ஒரு அடுக்கு இருக்கும் பாருங்க, அத கட்டை விரலால நல்லா அழுத்துங்க, பூட்ஸ ரெண்டு கையாலயும் பிடிச்சு வளைங்க. வெடிப்பு தெரிஞ்சாலோ மாவு மாதிரி உதிர்ந்தாலோ அந்த பூட்ஸோட கதை முடிஞ்சுது. உதிரலன்னாலும் இத்தனை வருஷப் பழைய பூட்ஸ நான் மலைக்கு அனுப்ப மாட்டேன்.

ஏன்னா அந்த நடு அடுக்கு பெரும்பாலும் பாலியூரித்தேன்ல செஞ்சது, காத்துல இருக்கிற ஈரம் அதுக்குள்ள புகுந்து கொஞ்சம் கொஞ்சமா அத அறுத்துக்கிட்டே இருக்கும், நீங்க போட்டாலும் போடலன்னாலும். செஞ்ச நாள்ல இருந்து அஞ்சுல இருந்து பத்து வருஷம், அவ்வளவுதான் அதோட ஆயுசு, போடாம டப்பாக்குள்ள வச்சா இன்னும் சீக்கிரமாவே போயிடும். அதுலயும் நம்ம டர்பன் காத்து எப்படின்னு உங்களுக்கே தெரியும், ஜனவரி மாசம் உப்பு டப்பாவே தண்ணி விடுற ஊரு இது, இங்க கேரேஜ்ல வச்ச பூட்ஸுக்கு பத்து வருஷமே பெருசு. எனக்கு இது நடந்திருக்கு. எட்டு வருஷம் அலமாரில இருந்த பூட்ஸ், ரெண்டாவது நாள் இறக்கத்துல வலது கால் சோல் மொத்தமா கழண்டு வந்துடுச்சு, டென்ட் கயித்தால சுத்திக் கட்டி மேல டேப் ஒட்டி ஏழு கிலோமீட்டர் நடந்து வந்தேன், மழை வேற, கூட வந்தவங்க என் பேக்க மாத்தி மாத்தி தூக்கினாங்க. அன்னிக்கு இடது கால் சோலும் போயிருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு இப்பவும் நெனச்சுப் பாப்பேன். அதனாலதான் இந்த ஒரு விஷயத்துல உங்க வீட்டுக்காரர் சொல்றத கேக்காதீங்கன்னு அழுத்தி சொல்றேன்.

இந்த மாதிரி விஷயத்த சொல்லிக் குடுக்க நம்ம வீடுகள்ல பெரியவங்க இல்ல, அதுக்கு காரணமும் இருக்கு. நிறவெறி ஆட்சில 1953ல வந்த தனித்தனி வசதிச் சட்டம் 1990ல தான் போச்சு, அதுவரைக்கும் பொது இடங்கள்ல வெள்ளைக்காரங்களுக்கு ஒண்ணு நமக்கு ஒண்ணுதான். எங்க அப்பா தூரத்துல இருந்து அந்த மலைய பாத்ததோட சரி, ஒரு பூட்ஸ எப்படி பாத்துக்கணும்னு அவருக்கு எப்படி தெரியும். உங்க பொண்ணுக்கு சொல்லிக் குடுக்க நீங்க இருக்கீங்க, அது எனக்கு ரொம்ப சந்தோஷம்.

ஆக மொதல் பணம் காலுக்கு. பழைய சைஸ் நம்பர சொல்லி வாங்கிடாதீங்க, ரெண்டு பிள்ள பெத்தாச்சு, நெறைய பொம்பளைங்களுக்கு பிரசவத்துக்கு அப்புறம் பாதம் கொஞ்சம் தட்டையாகி நீளமாயிடும், அது பழையபடி திரும்பாது. சாயங்காலமா கடைக்கு போங்க, பகல் முழுக்க நின்னு கால் வீங்கியிருக்கும், மலைல இருக்கப் போற கால் அதுதான். நடக்கும்போது போடப் போற கம்பளி சாக்ஸையும் கொண்டு போங்க. கடைல சரிவுப் பலகை இருந்தா அதுல எறங்கி நில்லுங்க, பெருவிரல் முன்னாடி இடிச்சா அந்த ஜோடி வேண்டாம், அப்படியே விட்டா ரெண்டாம் நாள் நகம் கறுத்துடும். பெரிய கனமான பூட்ஸா லேசான ட்ரெய்ல் ஷூவான்னு கேட்டா, இத்தனை வருஷ இடைவெளிக்கு அப்புறம் கணுக்கால் வரைக்கும் வர்ற லேசான பூட்ஸ்தான் நான் சொல்லுவேன், ஆனா போட்டுப் பாத்து ட்ரெய்ல் ஷூதான் காலுக்கு சுகமா இருந்தா அதையே எடுங்க, காலுக்கு பொருந்துறதுக்கு மேல எந்த விதியும் இல்ல. உள்ள வாட்டர்ப்ரூஃப் லைனிங் இருந்தா விலை ஏறும், செப்டம்பருக்கு அது இருந்தா நல்லது, இல்லன்னா குடி முழுகிடாது.

டென்ட்ட மறந்துடுங்க. ஜயன்ட்ஸ் கப் கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர், சானி பாஸ் ரோட்டுல ஆரம்பிச்சு புஷ்மன்ஸ் நெக் வரைக்கும், ராத்திரி தங்க ஹட் இருக்கு, உள்ள பங்க் கட்டில் மெத்தையோட. அந்த பார்க்க நடத்துற எஸெம்வெலோல புக் பண்ணும்போதே ஒவ்வொரு ஹட்டும் இப்போ எந்த நிலைமைல இருக்கு, மெத்தை இருக்கா, தண்ணி வருதான்னு கேட்டு வச்சுக்குங்க. ஹட் இருந்தா டென்ட்டும் வேண்டாம், கீழ விரிக்கிற மேட்டும் வேண்டாம், முதுகுல இருந்து மூணு கிலோ அப்படியே எறங்கிடும். பின்னாடி எப்பவாச்சும் டென்ட் தேவைப்பட்டா, அத விரிச்சு உள்பக்கம் தொட்டுப் பாருங்க, பிசுபிசுன்னு ஒட்டி புளிச்ச வாடை வந்தா அந்த கோட்டிங்கும் பூட்ஸ் மாதிரியே போயிடுச்சு, மழைல ஒழுகும்.

ஸ்லீப்பிங் பேக்குக்கு வருவோம், இதுல அவசரப்பட்டு தூக்கிப் போடாதீங்க. பையில அமுக்கியே வச்சிருந்தீங்களா, இல்ல தொங்க விட்டிருந்தீங்களா? உள்ள இறகு இருக்கிறதா இருந்தா, டவுன் பேக்குக்குன்னே விக்கிற சோப்ல அலசி, டிரையர்ல கம்மி சூட்டுல ரெண்டு மூணு டென்னிஸ் பாலோட போட்டு பொறுமையா காய வைங்க, பாதி செத்த மாதிரி கெடந்தது அப்படியே உப்பி வரும், அந்த மாதிரி எத்தனையோ பேக்க நான் பாத்திருக்கேன். சிந்தெடிக்னா, இத்தனை வருஷம் அமுங்கிக் கெடந்தது இனி எழும்பாது. புதுசு வாங்குறதா இருந்தா லேபிள்ல ரெண்டு டெம்பரேச்சர் போட்டிருக்கும், கம்ஃபர்ட்டுனு ஒண்ணு, லிமிட்னு ஒண்ணு. கம்ஃபர்ட்ங்கிறது ஒரு சாதாரண பொம்பளை குளிர் தெரியாம தூங்குற அளவு, லிமிட்ங்கிறது ஒரு சாதாரண ஆம்பளை சுருண்டு படுத்து சமாளிக்கிற அளவு. கடைக்காரர் பெரும்பாலும் லிமிட் நம்பரத்தான் சொல்லுவாரு, நீங்களும் பொண்ணும் கம்ஃபர்ட் நம்பர மட்டும் பாருங்க, அது பூஜ்யத்துக்கு பக்கத்துல இருக்கட்டும்.

ஹட்டுக்குள்ள எதுக்கு இவ்வளவுன்னு தோணும். செப்டம்பர்னா இங்க வசந்தம்னு பேரு, ஆனா 2024 செப்டம்பர் 20, 21ல வான் ரீனன்ஸ் பாஸ்ல பனி கொட்டி டர்பன்ல இருந்து ஜோஹன்னஸ்பர்க் போற என்3 ரோட்டையே மூடினாங்க, வண்டிங்க ராத்திரி முழுக்க பனிக்குள்ள நின்னுச்சு. அது நடந்தது ரோட்டுல, நீங்க இருக்கப் போறது மலைல. அதனால மழை ஜாக்கெட் ரெண்டாவது முக்கியம். பழைய ஜாக்கெட்ட உள்ள திருப்பி தையல் மேல ஒட்டியிருக்கிற டேப்ப பாருங்க, உரிஞ்சு வந்தா அத தோட்ட வேலைக்கு வச்சுக்குங்க. டேப் நல்லா இருந்தா அத போட்டுக்கிட்டு ஷவருக்கு அடியில அஞ்சு நிமிஷம் நில்லுங்க, தோள் நனையலன்னா புதுசு வேண்டாம். உள்ள போடுற துணி காட்டன் மட்டும் வேண்டவே வேண்டாம், வேர்வைல நனைஞ்சா காயாது, காத்தடிச்சா உடம்பு சில்லிட்டுப் போயிடும். ஜிம்முக்கு போடுற பாலியஸ்டர் டீஷர்ட்டும் ஒரு ஃப்ளீஸும் வீட்டுலயே இருக்கும், அது போதும்.

ஸ்டவ் விஷயத்துல கவனமா இருங்க. கேஸ் டப்பாவ மாட்டுற இடத்துல சின்ன ரப்பர் வளையம் ஒண்ணு இருக்கும், காஞ்சு வெடிச்சிருந்தா கேஸ் கசியும், நெருப்பு எங்க பிடிக்கும்னு சொல்ல முடியாது. மொதல்ல அந்த வளையத்த மாத்துங்க, வெளிய வச்சு மாட்டி சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க, குமிழி வரக் கூடாது. கேஸ் டப்பா வாங்கும்போது வெறும் பியூட்டேன் வேண்டாம், அது பூஜ்யம் டிகிரி கிட்டயே ஆவியாகாம நின்னுடும், உறைபனி விழுந்த காலைல காப்பித் தண்ணி கூட கொதிக்காது. ப்ரோபேன் கலந்த டப்பா கேளுங்க. விறகு பொறுக்கி சமைக்கலாம்னு நெனைக்காதீங்க, அந்த பார்க்ல திறந்த நெருப்புக்கு அனுமதி இல்ல, செப்டம்பர்ல புல்லு எல்லாம் காஞ்சு கெடக்கும், ஒரு பொறி போதும்.

சாப்பாடும் கனக் கணக்குலதான் வருது. லீவு புரட்டாசில விழுந்து, நீங்க விரதம் இருக்கிற வீடா இருந்தா பில்டாங்னு விக்கிற காஞ்ச இறைச்சி கிடையாது, அதுக்கு கவலைப்படாதீங்க, காஞ்ச சோயா மின்ஸ் பாக்கெட் லேசு, சீக்கிரம் வேகும். பருப்புல மைசூர் பருப்ப எடுங்க, துவரம் பருப்பு அங்க வேகுறதுக்குள்ள பாதி கேஸ் தீந்துடும். காலைல மீலி மீல், அதாவது சோள மாவுக் கஞ்சி. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 600, 700 கிராம் காஞ்ச சாப்பாடு கணக்கு வைங்க.

இப்போ பேக். எல்லாரும் மொதல்ல வாங்குறது இதத்தான், நீங்க கடைசியா வாங்குங்க. எல்லா சாமானையும் தரையில பரப்பி வச்சு அதுக்கு எத்தனை லிட்டர் வேணும்னு பாத்து வாங்கணும், 70 லிட்டர் பை இருந்தா 70 லிட்டரையும் நெறப்பிடுவோம், அது மனுஷ சுபாவம். ஹட்ல தங்குற பயணத்துக்கு 45, 50 லிட்டர் தாராளம். கடைல லிட்டர பாத்தா மட்டும் பத்தாது, முதுகு நீளம் அளக்கச் சொல்லுங்க, குனிஞ்சா கழுத்துக்குக் கீழ தெரியுற பெரிய எலும்புல இருந்து இடுப்பெலும்பு மேல்விளிம்பு மட்டத்துக்கு. ஆறடி ஆளுக்கும் முதுகு குட்டையா இருக்கலாம், குட்டையானவங்களுக்கு நீளமா இருக்கலாம், உயரத்த வச்சு முடிவு பண்ண முடியாது. பத்து கிலோ கனத்த உள்ள போட்டு, மொதல்ல இடுப்பு பெல்ட்ட இடுப்பெலும்பு மேல உக்கார வச்சு இறுக்கிட்டு அப்புறம்தான் தோள் ஸ்ட்ராப்ப இழுக்கணும், கனத்துல முக்காவாசி இடுப்புல உக்காரணும். அப்படியே கடைக்குள்ள இருபது நிமிஷம் நடங்க, கடைக்காரர் என்ன நெனைப்பாருன்னு யோசிக்காதீங்க. தண்ணி சாப்பாடு எல்லாம் சேத்து உங்க உடம்பு எடைல அஞ்சுல ஒரு பங்கு தாண்டக் கூடாது, 65 கிலோ ஆளுக்கு 13 கிலோ, நீங்க 11ல நிறுத்தப் பாருங்க.

பணம் மிஞ்சினா ஒரு ஜோடி வாக்கிங் ஸ்டிக், இறக்கத்துல முட்டிக்கு அவ்வளவு உதவி. ஹெட்லாம்ப், பவர்பேங்க் எல்லாம் லோட்ஷெட்டிங் கரண்ட் கட்டுக்கு வாங்கினது வீட்டுலயே இருக்கும், புதுசு வேண்டாம்.

வாங்கின சாமான் சரியான்னு மலைல போய் தெரிஞ்சுக்காதீங்க. பூட்ஸ் வந்த மறுநாளே வீட்டுக்குள்ள போட்டு சமையல் பண்ணுங்க, கடைல அழுக்கில்லாம இருந்தாத்தான் மாத்திக் குடுப்பாங்க. அப்புறம் உங்க வீட்டுக்கு பக்கத்துலயே சில்வர்க்ளென் ரிசர்வ் இருக்கு, மொதல் ரெண்டு வாரம் வெறும் பூட்ஸோட, அப்புறம் பேக்ல அஞ்சு கிலோ அரிசிப் பையோட, அப்புறம் பத்து கிலோவோட. அது பழகினதும் ஒரு சனிக்கிழமை க்ரான்ஸ்க்ளூஃப் பள்ளத்தாக்குல இறங்கி ஏறுங்க, எங்க உரசுது, எங்க வலிக்குதுன்னு அங்கயே தெரிஞ்சுடும். சனி, ஞாயிறு அடுத்தடுத்து ரெண்டு நாளும் நடந்து பாருங்க, மொத நாள் யாரும் நடந்துடுவாங்க, அடுத்த நாள் காலைல அதே பேக்க தூக்கும்போதுதான் உடம்பு உண்மைய சொல்லும். முட்டிலயோ இடுப்புலயோ வலி தங்கிடுச்சுன்னா ஆகஸ்ட்டுக்குள்ளயே டாக்டர பாத்துடுங்க.

உங்க பொண்ணுக்கு எல்லாமே புதுசு வேணும்னு ஆசை, அது வயசு. அவளுக்கும் பூட்ஸ் மட்டும் வாங்கிக் குடுங்க, மத்தது மொதல் தடவை கடன் வாங்கட்டும், அஞ்சு நாள் நடந்து முடிச்சப்புறம் என்ன வேணும்னு அவளுக்கே தெளிவா தெரியும்.

அந்த 70 லிட்டர் பேக்குக்கு ஒரு வேலை இருக்கு. நடை முடியுற புஷ்மன்ஸ் நெக்ல எப்படியும் ஒரு கார் நிறுத்தியாகணும், இல்ல உங்க வீட்டுக்காரர் வந்து கூட்டிட்டு போகணும். கிளம்புறதுக்கு மொத நாள் ராத்திரி அந்த பேக்ல ரெண்டு பேருக்கும் துவைச்ச துணி, டவல், ஸ்லிப்பர், ஃப்ளாஸ்க், ஒரு டப்பா முறுக்கு எல்லாம் போட்டு காருக்குள்ள வச்சுடுங்க. அஞ்சாவது நாள் மத்தியானம் பூட்ஸ கழட்டினதும் உங்க கை மொதல்ல போறது அந்த பேக்குக்குத்தான் இருக்கும்.