உலோகப் பரப்பை ஒட்டி ஓடும் ஒளியை நினைத்த பக்கம் திருப்ப முடியுமா?

முடியும். ஆனால் ஒளியை அந்தப் பரப்பில் ஏற்றுவதே முதல் சவால்.

தங்கம், வெள்ளி போன்ற உலோகங்களின் கட்டற்ற எலக்ட்ரான்களோடு ஒளி பிணையும்போது, உலோகமும் காற்றும் சந்திக்கும் எல்லையிலேயே ஓர் அலை ஓடுகிறது. இதுதான் மேற்பரப்பு பிளாஸ்மான். அதே நிறமுள்ள சாதாரண ஒளியைவிட இதற்கு உந்தம் அதிகம். எனவே வழவழப்பான தங்கத்தின் மீது நேராக லேசர் அடித்தால் இது எழாது. 1968இல் இயற்பியலாளர்கள் ஓட்டோவும் கிரெட்ச்மனும் முப்பட்டகம் வழியே ஒளியைச் செலுத்தி அந்தக் குறையை ஈடுகட்டினார்கள். சுமார் 50 நானோமீட்டர் தங்கப் படலத்தில், சரியான கோணம் அமைந்ததும் எதிரொளிப்பு சட்டென்று மங்கிவிடும்: ஒளி பரப்பலையாக மாறிவிட்டது என்று பொருள்.

திசை திருப்பும் வேலையில் என்னை மிகவும் வியக்கவைப்பது, 2013இல் ஹார்வர்டில் ஃபெடெரிகோ கபாசோவின் குழு செய்தது. தங்கப் படலத்தில் மிக நுண்ணிய பிளவுகளை இரு வரிசைகளாக வெட்டினார்கள். ஒரு வரிசைப் பிளவுகள் மற்றதற்குச் செங்குத்து. வரிசைகளுக்கு இடையே பிளாஸ்மானின் கால் அலைநீளம். மின்புலம் வட்டமாகச் சுழலும் ஒளி (வட்ட முனைவாக்க ஒளி) விழும்போது இரு வரிசைகளின் அலைகளும் ஒரு பக்கம் கூடுகின்றன, மறுபக்கம் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. சுழற்சியை வலமிருந்து இடமாக மாற்றினால் அலையும் எதிர்ப்பக்கம் ஓடுகிறது. நகரும் பாகம் எதுவுமே இல்லை!

உலோகம் அலையை விரைவில் உறிஞ்சிவிடுவதுதான் பெரிய தடை. கட்புலனாகும் ஒளியில் இது பெரும்பாலும் சில பத்து மைக்ரோமீட்டர் தூரத்துக்குள் தேய்ந்துவிடும். அகச்சிவப்பில், ஓரணுத் தடிமனே உள்ள கார்பன் தாளான கிராஃபீன் நல்ல மாற்று. அங்கே மின்னழுத்தத்தை மாற்றியே அலைநீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.