வாய்க்காலில் என்ன சாகசம்?

அன்புள்ள ஐயா,

உங்கள் சரித்திரத் தொடர்கதையை விடாமல் படிக்கிறேன். எண்ணூரில் படகேறித் தப்பும் நாயகன் எதற்காகச் சென்னையில் இறங்கி, ஊருக்குள் ஒளிந்து நடந்து, அடையாற்றுக்கு அந்தப் பக்கம் வேறு படகு பிடிக்கிறான்? பக்கிங்ஹாம் கால்வாய்தான் மரக்காணம் வரை போகிறதே! அதோடு, ஆள் இழுக்கிற படகில் துரத்தல் எடுபடவில்லை. அவனைக் கப்பல் ஏற்றியிருக்கலாம்.

கு., நெல்லூர்

அன்புள்ள கு.,

கதை நடப்பது 1876 கடைசியில். அப்போது பக்கிங்ஹாம் கால்வாய் என்ற பெயரே கிடையாது. வடக்கே, 1806-ல் பாசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரியின் காலத்தில் வெட்டி முடித்த எண்ணூர்க் கால்வாய். தெற்கே தனியாக ஒன்று. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே சுமார் 8 கிலோமீட்டர் வெறும் தரை. அதை வெட்டி இரண்டையும் இணைத்தது 1877–78-ல், தாது வருடப் பஞ்ச நிவாரண வேலையாக. கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் அப்புறம்தான் வந்தது. அதனால் அவன் இறங்கித்தான் ஆகவேண்டும். இறங்குகிற ஊரிலோ, சோறு தேடி வந்த ஜனம் தெருவெல்லாம் கிடக்கிறது. ஒளிய இடம் கிடைத்தது, ஆனால் எப்பேர்ப்பட்ட இடம்!

கப்பலா? சென்னைத் துறைமுக வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. கப்பல்கள் தள்ளி நிற்கும். அலையைத் தாண்டி, பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகில்தான் போகவேண்டும். தப்பி ஓடுகிறவனை அத்தனை துடுப்புக்காரர்களும் பார்த்துவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகைக் கடலைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

வேகம் இல்லை என்பது உண்மை. எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான். காற்று வாய்த்தால் பாய், இல்லையென்றால் கழி, அதுவும் போதாவிட்டால் கரையிலிருந்து வடம். துரத்துகிறவன் கரையோடு நடந்து வந்தாலே போதும். உப்பு மூட்டைகளுக்குப் பின்னால் படுத்திருப்பவன் அவன் இருமுவதைக் கேட்டுக்கொண்டே வரலாம். லாக்கில், அதாவது கால்வாயின் இரட்டைக் கதவு மதகில், இன்னும் மோசம். படகு நுழைந்ததும் பின்கதவு மூடும். உள்ளே தண்ணீர் மட்டம் சரியாகும்வரை முன்கதவு திறக்காது. உப்போ சர்க்கார் ஏகபோகம், சோதனை நிச்சயம். நடுக்கடலில் இப்படி ஒரு பொறி கிடைக்குமா?

உண்மையில் என்னைத் தூங்கவிடாதது துரத்தல் இல்லை, அந்த 8 கிலோமீட்டர்தான். 1877 தொடக்கத்தில், பஞ்ச நிலையைப் பார்க்க இந்திய சர்க்கார் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் வந்து, நிவாரண வேலையில் ஆண் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். மண் வெட்டுகிறவனுக்கு! சரி, இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இரண்டாம் பாகத்தில் நம் ஆள் படகில் இல்லை. அந்த இணைப்பு வாய்க்காலில், கூடையோடு நிற்கிறான்.