பாதியில் நிற்கும் டில்ட்: யூனிட்டை மாற்றும் முன் மூடியைத் திறந்து பாருங்கள்

கேள்வி: புதுச்சேரி தேங்காய்த்திட்டில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறேன். 90 குதிரைத்திறன் அவுட்போர்டு, அதாவது படகின் பின்பலகையில் மாட்டும் என்ஜின். மூன்று வாரமாக, அதைத் தூக்கி இறக்கும் டில்ட் பட்டனை அழுத்தினால் என்ஜின் பாதி வரை ஏறி நின்றுவிடுகிறது, மோட்டார் மட்டும் வெறுமனே சுற்றுகிறது. ராத்திரி தூக்கி வைத்துவிட்டுப் போனால் காலையில் புரொப்பல்லர் தண்ணீருக்குள் கிடக்கிறது. மெக்கானிக், "பம்பு போச்சு, முழு யூனிட்டையும் மாத்தணும்" என்கிறார். வேறு வழி உண்டா?

பதில்: மாற்ற வேண்டாம். குறைந்தபட்சம் இந்த வாரம் மாற்ற வேண்டாம்.

மோட்டார் சுற்றுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. பேட்டரி, பியூஸ், ரிலே, ஒயர் எல்லாம் தன் வேலையைச் செய்வதால்தான் அது சுற்றுகிறது. பட்டனை அழுத்தினால் 'டிக்' சத்தத்தோடு அடங்கிவிடுகிறது என்றால் அது வேறு கதை. உங்கள் கதை ஆயில் கதை.

தூக்கும் சிலிண்டருக்குள் ஒரு இரும்புத் தண்டு இருக்கிறது. என்ஜின் மேலே போகப்போக அந்தத் தண்டு வெளியே வருகிறது. அது காலி செய்த இடத்தையும் சேர்த்து ஆயில்தான் நிரப்ப வேண்டும். அதனால் என்ஜின் உச்சியில் இருக்கும்போதுதான் பம்பின் ஆயில் டேங்கில் ஆயில் மிகக் குறைவாக இருக்கும். மொத்த ஆயிலே குறைந்துபோயிருந்தால் பாதி தூரம் வரை தாங்கும், அதற்கு மேல் பம்பு காற்றைத்தான் உறிஞ்சும். உங்களுக்கு நடப்பது அநேகமாக இதுதான்.

ஆயில் அளவு பார்க்க என்ஜின் முழுக்க மேலே இருக்க வேண்டும். பலர் என்ஜினைக் கீழே விட்டுவிட்டு மூடியைத் திறக்கிறார்கள். அப்போது ஆயில் அழுத்தத்தில் இருக்கும், முகத்தில் பீய்ச்சி அடிக்கும். அளவும் தப்பாகக் காட்டும். உங்களுடையது தானாக ஏறவில்லை என்பதால் கையால்தான் தூக்க வேண்டும். படகின் பின்பலகையைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டின் பக்கவாட்டில் ஒரு துளை இருக்கும். அதற்குள் பட்டை ஸ்க்ரூடிரைவர் போகிற மாதிரி ஒரு திருகு, அதுதான் கைத்திருகு. அதை இடப்பக்கமாகச் சில சுற்று திருப்பினால் ஆயில் பூட்டு விடுபடும். மொத்தமாகக் கழற்றிவிடாதீர்கள். இரண்டு பேர் தூக்குங்கள், செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) இருந்தால் இன்னும் நல்லது. 90 குதிரைத்திறன் என்ஜின்கள் பலவும் 150 கிலோவுக்கு மேல் இருக்கும். மேலே போனதும், என்ஜினை இறங்காமல் பிடித்து வைக்கும் டில்ட் லாக்கைப் போட்டுவிட்டுத்தான் அடியில் கை வைக்க வேண்டும். பிறகு அந்தத் திருகை வலப்பக்கமாக இறுக்கி மூடிவிட்டு, ஆயில் மூடியை மெதுவாகத் திறந்து பாருங்கள். ஆயில் ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும்.

குறைந்திருந்தால் ஊற்ற வேண்டியது டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப், கார் பவர் ஸ்டியரிங்குக்கு ஊற்றுகிற அந்தச் சிவப்பு ஆயில். கம்பெனிப் புத்தகம் வேறு பெயர் சொன்னால் அதையே வாங்குங்கள். பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றவே கூடாது. "ரெண்டும் ஹைட்ராலிக்தானே" என்று துறைமுகத்தில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். பிரேக் ஆயில் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும். நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் யூனிட்டையே கொன்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊற்றி மூடிய பிறகு நாலைந்து தடவை முழுக்க ஏற்றி இறக்குங்கள். காற்று வெளியேற ஒரு நிமிஷம் விட்டு, மறுபடி மேலே ஏற்றி அளவு பாருங்கள். கட்டாயம் இறங்கியிருக்கும். மறுபடி ஊற்றுங்கள்.

பழைய ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. முழுக்க மாற்ற வேண்டும், சீலும் போட வேண்டும்.

சரி, ராத்திரியில் இறங்குகிறதே? தண்டின் வாயில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பாருங்கள். கசிவு இருந்தால் ஆயில் எங்கே போனது என்பதற்கும் அதுவே விடை. கசிவு இல்லையென்றால் முதல் சந்தேகம் அந்தக் கைத்திருகு மேல்தான். யாராவது அரைகுறையாக மூடியிருக்கலாம், அதன் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) நைந்திருக்கலாம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் இருப்பது தேங்காய்த்திட்டு. அந்த முகத்துவாரம் மணல் அடைப்பதும், தூர்வாரச் சொல்லி மீனவர்கள் கேட்பதும், வாரிய பிறகு மறுபடி அடைப்பதும் புதுசு இல்லை. அதற்கான விலையை என் மாதிரி ஆட்களிடம் நீங்கள்தான் கொடுக்கிறீர்கள். என்ஜினின் கால், அதாவது தண்ணீருக்குள் இருக்கும் அடிப்பகுதி, மணல் திட்டில் இடிக்கும்போது அது உடையாமல் இருக்க, சிலிண்டருக்குள் பிஸ்டனிலேயே சின்ன வால்வுகள் வைத்திருக்கிறார்கள். இடித்ததும் ஆயில் அவற்றின் வழியாக மறுபக்கம் பாய்ந்து என்ஜினை எழும்பவிடும். அந்த வால்வில் ஒரு தூசித் துணுக்கு மாட்டிக்கொண்டால் அது முழுக்க மூடாது. வெளியே ஒரு சொட்டு கசியாமலேயே என்ஜின் ராத்திரி முழுக்க மெல்ல இறங்கும். மூன்று வாரத்துக்கு முன் எங்காவது இடித்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். இடித்திருந்தால், ஆயிலை முழுக்க மாற்றிப் பத்துப் பதினைந்து தடவை ஏற்றி இறக்குங்கள். சில சமயம் துணுக்கு தானாக விலகிவிடும். விலகாவிட்டால் சிலிண்டரைப் பிரிக்க வேண்டும். அப்போதும் பம்புக்கு வேலை இல்லை.

இப்போது மெக்கானிக் விஷயம். உங்கள் ஆளை எனக்குத் தெரியாது, நல்லவராகவே இருக்கலாம். ஆனால் "யூனிட் போச்சு" என்பவர்களில் பாதிப் பேர் ஆயில் மூடியைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். அதைவிட மோசம் "சென்னைக்கு அனுப்பி ரீகண்டிஷன் பண்ணித் தரேன்" என்கிற இடைத்தரகர். உங்கள் நல்ல யூனிட் போகும், கறுப்புப் பெயின்ட் அடித்த வேறு யாருடைய பழசோ திரும்பி வரும். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இரும்புக் குத்துளியால் குத்தி அடையாளம் வையுங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றிய பழைய சீல்களைக் கையில் கேளுங்கள்.

கம்பெனிக் கடைகளும் லேசுப்பட்டவை இல்லை. ஒரு தடவை ஒரே ஒரு சீல் கேட்டுப் போனேன். "தனியாக வராது சார், அசெம்பிளிதான்" என்றார்கள். அதே கவுண்டரில் கிடந்த பாகப் புத்தகத்தைப் புரட்டி அந்தச் சீலின் எண்ணைக் காட்டினேன். "ஸ்டாக் இல்லை" என்று பதில் மாறியது. விரல் தடிமன்கூட இல்லாத ரப்பர் வளையத்துக்காக ஒரு படகு சீசன் முழுக்கக் கரையில் கிடக்கிறது, யாருக்கும் வெட்கம் இல்லை. என்ஜினின் மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் எழுதிக்கொண்டு போங்கள். பெயர் சொல்லிக் கேட்டால் ஏமாற்றுவார்கள், எண் சொல்லிக் கேட்டால் தேடுவார்கள்.

அதுவரை படகை ஓட்டலாமா? கைத்திருகு இறுக மூடியிருந்தால் ஓட்டலாம். அது திறந்திருக்கும்போது மட்டும் ரிவர்ஸ் போடாதீர்கள். என்ஜின் தன் வேகத்திலேயே தண்ணீரைவிட்டு மேலே எழும்பிவிடும், படகில் ஆட்கள் வேறு இருப்பார்கள்.

ஆயில் ஊற்றிய அன்று சாயங்காலம் என்ஜினை முழுக்க ஏற்றி, லாக் போடாமல், அடியில் யாரும் போகாதபடி பார்த்துக்கொண்டு, பிராக்கெட்டில் டேப் ஒட்டி அளவு குறித்துவையுங்கள். காலையில் ஒரு விரல் இறங்கியிருந்தால் பரவாயில்லை, ராத்திரியில் லாக்கைப் போட்டுக்கொண்டு சீசனை முடியுங்கள். பாதி இறங்கியிருந்தால் அந்த அளவையும், வெளியே கசிவு உண்டா இல்லையா என்பதையும், எப்போது மணலில் இடித்தது என்பதையும் எழுதி அனுப்புங்கள். எந்தச் சீல் என்று சொல்கிறேன்.