ஜியாலஜி படித்தால் வேலை கிடைக்குமா?

மகள் ஜியாலஜிதான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள், கல்லைப் படித்துவிட்டு எங்கே வேலைக்குப் போவாள் என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. நியாயமான கவலைதான். முதலில் ஒன்று: பள்ளியில் படித்த புவியியல் வேறு, இது வேறு. இது நிலவியல். விண்ணப்பத்தில் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தக்காணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலப் பிளவுகள் வழியே எரிமலைக் குழம்பு வழிந்தோடி, அடுக்கடுக்காக உறைந்தது. இன்றைக்கும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் அது கிடக்கிறது. ஒவ்வொரு அடுக்கின் மேற்பகுதியிலும் வாயு வெளியேறிய குமிழ்க் குழிகள் இருக்கும். ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால், கறுப்புக் கல்லில் அந்தக் குழிகளைச் சியோலைட் என்ற கனிமத்தின் வெள்ளைப் படிகங்கள் அடைத்திருப்பது தெரியும். அடுக்கின் நடுப்பகுதியோ இறுகிப்போன பாறை. விரிசல் இருந்தால்தான் அதில் தண்ணீர். பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் ஒன்றில் நீர் ஊறும், இன்னொன்று வறண்டு கிடக்கும். எங்கே தோண்டலாம் என்று சொல்ல இந்த அடுக்குகளைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். உங்கள் மகளுக்கான வேலை அங்கேதான் இருக்கிறது.

நம் பரங்கிமலைப் பாறை இதற்கு நேர்மாறு. சார்னோகைட் என்று பெயர். பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவானது. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்த வகைதான், பெயரும் அதிலிருந்து வந்தது. அந்தமான் பக்கம் போனால் பாரன் தீவில் எரிமலை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரே நாட்டில் இவ்வளவும் பார்த்துப் படிக்கக் கிடைப்பது பெரிய கொடுப்பினை.

சரி, வேலைக்கு வருவோம். பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் கஷ்டம், எம்.எஸ்சி. கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் (JAM) என்ற நுழைவுத் தேர்வு. அப்புறம் யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு. 1851-இல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்துக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அதுதான் வாசல். இடங்கள் குறைவு, போட்டி கடுமை, மறைக்க மாட்டேன். தனியார் சுரங்க வேலை கனிம விலையோடு ஏறி இறங்கும்.

கல்லூரியில் சேர்க்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஆண்டுக்கு எத்தனை நாள் களப்பயிற்சி? பாறையை மெல்லிசாகச் சீவி வைத்துப் பார்க்கும் நுண்ணோக்கிகள் எத்தனை? பதில் மழுப்பலாக வந்தால் வேறு கல்லூரி பாருங்கள்.

முடிந்தால் மும்பையிலிருந்து புனேக்கு ஒருமுறை ரயிலில் கூட்டிப் போங்கள். மலைச்சரிவில் படிக்கட்டு போல அடுக்குகள் தெரியும். அவள் ஜன்னலை விட்டு நகராமல் கேள்வி மேல் கேள்வி கேட்டால், தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.