தரங்கம்பாடிக்கு ஒரு நாள் போதுமா?

கேள்வி: கும்பகோணத்திலிருந்து காலையில் காரில் புறப்பட்டு, திருக்கடையூர், தரங்கம்பாடி, பூம்புகார் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்ப முடியுமா? முழங்கால் வலி உள்ள மாமியாரும் இரண்டு சிறு பிள்ளைகளும் உடன் வருகிறார்கள்.
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முடியும், ஆனால் மூன்றையும் காரின் ஜன்னல் வழியாகத்தான் பார்த்ததாக இருக்கும். பூம்புகாரை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மயிலாடுதுறை வழியாகச் சென்றால் திருக்கடையூர் முதலில் வரும். கோயில் நடை நண்பகலுக்குப் பின் சாத்தப்பட்டு மாலையில்தான் திறக்கும் என்பதால், காலை தரிசனமே வசதி. முகூர்த்த நாளாக இருந்தால் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று வரும் கூட்டத்தில் மாமியார் நெடுநேரம் நிற்க நேரிடும். ஆகவே புறப்படும் முன் பஞ்சாங்கத்தை ஒருமுறை புரட்டிவிடுங்கள். மதிய உணவையும் சற்று ஓய்வையும் அங்கேயே முடித்துக்கொண்டு, வெயில் தணியத் தொடங்கும் மூன்று மணியளவில் தரங்கம்பாடிக்குள் நுழைவது நல்லது.

ஊரின் நுழைவாயிலாக நிற்கும் வெள்ளை வளைவு 1792-இல் எழுப்பப்பட்டது. அதைக் கடந்து நேராகக் கடலை நோக்கிச் செல்லும் ராஜ வீதியில், 1718-இல் ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் தேவாலயம் இருக்கிறது. 1706-இல் இங்கு வந்திறங்கி, தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய அவருடைய கல்லறையும் அதனுள்ளேதான். படியேறும் சிரமம் அதிகமில்லாத இடம் என்பதால் மாமியாரும் இதை நிதானமாகப் பார்க்கலாம்.

தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய டேன்ஸ்பர்க் கோட்டை, வீதியின் முடிவில் கடலைப் பார்த்து நிற்கிறது. 1845-இல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். கீழே கிடங்குகளாகவும் சிறையாகவும் இருந்த, வளைந்த கூரையுள்ள அறைகள் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். அருங்காட்சியகம் மேல்தளத்தில் இருப்பதால், முழங்கால் வலி உள்ளவர் கீழேயே அமர்ந்துகொள்வது உத்தமம். வார விடுமுறை நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, ஐந்து மணிக்குள் உள்ளே பார்த்து முடித்துவிடுங்கள்.

அதன்பின் கடற்கரை. கடல் கிழக்கே இருப்பதால் மாலையில் கோட்டையின் நிழல் கரைப்பக்கமே விழும். வெயில் படாமல் உட்காரலாம். சற்று வடக்கே, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் கட்டப்பட்ட மாசிலாமணி நாதர் கோயிலின் முன்பகுதியை அலைகள் அரித்துக்கொண்டு போனதால், இப்போது பாறாங்கற்களைக் கொட்டிக் கரையைக் காத்து வருகிறார்கள். அந்தக் கற்களில் பிள்ளைகளை ஏறவிடாதீர்கள், பாசி வழுக்கும். அலை இழுவையும் பலமானது, ஆகையால் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தைத் தவிர்த்து, தை அல்லது மாசியில் செல்லலாம். ஆறு மணிக்குக் கிளம்பினால், இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பீர்கள்.