நட்பு ஆட்டத்தில் ஸ்கோரைத் தாண்டி என்ன பார்ப்பது?

கால்பந்து கேள்வி பதில்
பதில் சொல்பவர்: வேலூர் வட்டாரப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இந்திய அணியின் நட்பு ஆட்டங்களைப் பற்றித்தான். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன்.

சார், 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் மாலத்தீவை 3-0 என்று அடித்தோம். எங்கள் ஷிஃப்ட்டில் எல்லோரும் இனி கவலையில்லை என்று பேசிக்கொண்டோம். ஆறே நாளில் அதே மைதானத்தில், ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் வங்கதேசத்தோடு 0-0. அப்புறம் நட்பு ஆட்டத்தில் ஜெயித்து என்ன பிரயோஜனம்?
ஷூ கம்பெனித் தொழிலாளி, ஆம்பூர்

மாலத்தீவு ஆட்டத்தில் கிடைத்த சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2023 நவம்பரில் குவைத்தை 1-0 என்று வென்ற பிறகு நமக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. ஒரு வருஷத்துக்கும் மேல் காத்திருந்தோம். ராகுல் பேக்கே, லிஸ்டன் கொலாசோ, சுனில் சேத்ரி என்று மூன்று பேர் கோல் போட்டார்கள்.

ஆனால் அந்த ஆட்டத்தில் நம் அணிக்கு வந்த சோதனை ஒன்றுதான்: பின்வாங்கி நிற்கிற அணியை உடைக்க முடியுமா? வங்கதேசம் வைத்த சோதனை வேறு. அவர்கள் மேலேறி வந்து நம் டிஃபென்ஸை மூச்சுவிட விடவில்லை. முதல் நிமிடத்திலேயே நம் கோல்கீப்பர் உதைத்த பந்து எதிரியின் காலுக்குப் போய், கோல் வாங்காமல் தப்பித்தோம். அவர்களுடைய நடுக்களத்தில் இங்கிலாந்தில் ஆடிப் பழகிய ஹம்சா சவுத்ரி. நெருக்கடி கொடுக்கிற அணியோடு ஆடிப் பார்க்க வேண்டிய நேரத்தில் நெருக்கடி கொடுக்காத அணியோடு ஆடினோம். நான் அந்த 0-0க்குச் சொல்லும் காரணம் இதுதான்.

2022ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச்சில் பஹ்ரைனிடம் 1-2, பெலாரஸிடம் 0-3, மே மாதம் தோஹாவில் ஜோர்டானிடம் 0-2. மூன்று நட்பு ஆட்டம், மூன்று தோல்வி. டீக்கடையில் அணியைத் திட்டாத ஆள் இல்லை. ஜூனில் கொல்கத்தாவில் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்று வந்தது. கம்போடியாவை 2-0, ஆப்கானிஸ்தானை 2-1, ஹாங்காங்கை 4-0 என்று வரிசையாக வென்றோம். தம்மைவிட வலுவானவர்களிடம் அடி வாங்கிய கால்களுக்கு, சமமான அணிகள் வந்தபோது ஆட்டம் கொஞ்சம் மெதுவாகத் தெரிந்திருக்கும். எனக்கு அப்படித்தான் பட்டது.

இதற்காக எந்தத் தோல்வியும் நல்லது என்று சொல்ல வரவில்லை. 2021 மார்ச்சில் துபாயில் ஓமனோடு ஆடியபோது கோச் இகோர் ஸ்டிமாச் ஒரே ஆட்டத்தில் பத்துப் பேரை முதன்முதலாக இந்தியச் சட்டையில் இறக்கினார். 1-1 என்று முடிந்தது. அதைத் துணிச்சல் என்று பாராட்டினோம். நான்கு நாள் கழித்து ஐக்கிய அரபு அமீரகம் 6-0 என்று அடித்தது. பத்துப் புது ஆட்களை ஒன்றாக நிறுத்தினால் யார் சரி, யார் தப்பு என்று பிரித்துப் பார்க்க முடியாது. பழகிய ஏழெட்டுப் பேர் நடுவே மூன்று புதியவர்களை நிறுத்தினால்தான் புதியவனுடைய தரம் தெரியும்.

ஆகவே அடுத்த நட்பு ஆட்டத்தை உங்கள் ஷிஃப்ட் நண்பர்களோடு பார்க்கும்போது ஒரு தாளில் பதினோரு பெயரை எழுதிவையுங்கள். கோச் யாரை எப்போது வெளியே எடுத்தார், அந்த இடத்துக்கு யார் வந்தார், அதன் பிறகு பந்து எந்தப் பக்கம் அதிகம் போனது என்று குறியுங்கள். அடுத்த தகுதிச் சுற்று ஆட்டத்துக்கு வரும் பதினொன்றோடு அதை ஒப்பிட்டால், கோச் என்ன கற்றுக்கொண்டார் என்பது உங்களுக்கே புரியும்.

ஓய்வு பெற்ற சேத்ரியை மறுபடி கூப்பிட்டது சரியா? இளைஞர்களுக்கு வழி விட வேண்டாமா?
கல்லூரி மாணவர், காட்பாடி

கூப்பிட்டதில் தப்பு இல்லை தம்பி. கூப்பிட வேண்டிய நிலை வந்ததுதான் வருத்தம்.

2024 ஜூன் 6, கொல்கத்தா, குவைத்தோடு 0-0. அன்று சேத்ரி 94 கோலோடு விடைபெற்றார். அதன் பிறகு மனோலோ மார்க்கேஸ் கோச்சாக வந்தார். அந்த ஆண்டு மொரிஷியஸோடு 0-0, சிரியாவிடம் 0-3, வியட்நாமோடு 1-1, மலேசியாவோடு 1-1. நான்கு ஆட்டத்தில் இரண்டே கோல். ஒன்று ஃபாரூக் சவுத்ரி போட்டது. இன்னொன்றைத் தலையால் முட்டிப் போட்டவர் பேக்கே, அவர் டிஃபென்டர். ஸ்ட்ரைக்கர் இடம் காலியாகவே கிடந்தது. 40 வயதில் சேத்ரி 2024-25 இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடரில் 14 கோல் போட்டிருந்தார். இந்தியர்களில் அவரைவிட அதிகம் போட்டவர் யாரும் இல்லை. எந்தக் கோச்சும் போன் செய்திருப்பார்.

கேள்வி அதற்கு முந்தின இடத்தில் இருக்கிறது. நம் பள்ளிகளில் நன்றாக ஆடுகிற பையனைத்தான் முன்னால் நிறுத்துகிறோம். ஊரிசு கல்லூரி மைதானத்திலோ கோட்டை மைதானத்திலோ மாலையில் போய்ப் பாருங்கள், எல்லாப் பிள்ளையும் ஸ்ட்ரைக்கர்தான். ஆனால் பெரிய கிளப்புக்குப் போனதும் அந்த இடத்தில் வெளிநாட்டுக்காரர் நிற்கிறார். 2021-22 முதல் ஐ.எஸ்.எல்.லில் களத்தில் நான்கு வெளிநாட்டவர்தான் என்று குறைத்தார்கள், அது நல்ல காரியம். ஆனாலும் அந்த நான்கில் ஒருவர் கிட்டத்தட்ட எல்லா அணியிலும் கோல் போடுகிற ஆள். நம் பையன் விங்குக்குத் தள்ளப்படுகிறான், இல்லாவிட்டால் பெஞ்ச்.

இந்த நிலையில் இளம் ஸ்ட்ரைக்கருக்கு முழு ஆட்டம் கிடைக்கக்கூடிய ஒரே இடம் தேசிய அணியின் நட்பு ஆட்டம். அங்கேயும் எண்பதாவது நிமிடத்தில் இறக்கிவிட்டு, ‘வாய்ப்பு கொடுத்தோம், பயன்படுத்தவில்லை’ என்று சொல்வது எனக்கு ஏற்கவில்லை. முதல் இருபது நிமிடம் எதிரி டிஃபென்டரைப் படிக்கவே சரியாகப் போகும். 90 நிமிடம், அதுவும் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் கொடுங்கள். மாலத்தீவு ஆட்டத்தில் 3-0 என்ற வெற்றிக்குச் சேத்ரியின் 95ஆவது கோல் தேவைப்படவில்லை. அந்த மாலையை ஒரு இளைஞனுக்குக் கொடுத்துவிட்டு, வங்கதேச ஆட்டத்துக்குச் சேத்ரியைப் புதுசாக இறக்கியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

நட்பு ஆட்டத்தில் தோற்றால் ஃபிஃபா தரவரிசையில் எவ்வளவு இறங்குவோம்?
வாசகர், குடியாத்தம்

நினைக்கிற அளவு இல்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஃபிஃபா ஒரு எடை வைத்திருக்கிறது. சர்வதேச ஆட்டங்களுக்கு என்று ஒதுக்கிய நாட்களுக்குள் நடக்கிற நட்பு ஆட்டத்துக்கு 10, வெளியே நடந்தால் 5. ஆசியக் கோப்பை, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுகளுக்கு 25. ஆசியக் கோப்பைக்குள் போய்விட்டால் காலிறுதிக்கு முந்தைய ஆட்டங்களுக்கு 35. நமக்குச் சமமான புள்ளி உள்ள அணியை நட்பு ஆட்டத்தில் வென்றால் 5 புள்ளி ஏறும், தோற்றால் 5 இறங்கும். அதே அணியோடு தகுதிச் சுற்று என்றால் 12.5.

2023 ஜூலையில் நாம் 99ஆம் இடத்தில் இருந்தோம். 2024 ஜனவரி ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா மூவரிடமும் தோற்று, ஒரு கோல்கூடப் போடாமல் திரும்பியதும் 102லிருந்து 117க்கு இறங்கினோம். 2025 நவம்பரில் 142. தகுதிச் சுற்றில் ஹாங்காங், சிங்கப்பூர், வங்கதேசம் என்று தோற்றதுதான் இந்தச் சரிவின் பெரும் பங்கு. தரவரிசைக்குப் பயந்து நட்பு ஆட்டத்தில் சோதனை செய்யாமல் இருப்பதில் அர்த்தமே இல்லை.

காலித் ஜமீல் கோச் ஆனதும் மோகன் பகான் ஆட்டக்காரர்கள் ஒருவரைக்கூட மத்திய ஆசிய நாடுகளின் காஃபா கோப்பைக்குக் கூட்டிப் போகவில்லையே, ஏன்?
வாசகர், வாணியம்பாடி

அவர்களைக் கிளப் விடவில்லை. ஃபிஃபா ஒதுக்கிய நாட்களில் மட்டும்தான் கிளப் தன் ஆட்டக்காரரை விட்டே ஆக வேண்டும். அந்தத் தொடர் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. இருக்கிறவர்களை வைத்தே ஜமீல் தஜிகிஸ்தானை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று வென்றார். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஓமனோடு 1-1 ஆகி, பெனால்டியில் ஜெயித்தோம். உதாந்தா சிங் தலையால் முட்டிப் போட்ட அந்தச் சமன் கோலை நான் இன்னும் மறக்கவில்லை. கிடைத்த ஆட்களுக்கு ஏற்ப ஆட்டத்தை வகுப்பதும் கோச்சின் வேலைதான். இருந்தாலும் மாத நாட்காட்டியைக் கிளப்புகளும் சம்மேளனமும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

இந்திய அணிக்குக் கோல்கீப்பர் யார், குர்பிரீத்தா, விஷால் கைத்தா?
வாசகர், பேரணாம்பட்டு

2024 அக்டோபரில் வியட்நாமோடு பெனால்டியைத் தடுத்தவர் குர்பிரீத். அடுத்த மாதம் ஹைதராபாதில் மலேசியாவோடு தேவையில்லாமல் முன்னே ஓடி வந்து கோல் கொடுத்தவரும் அவரே. உடனே கைத் வந்தார். 2025 ஜூனில் ஹாங்காங்கில் கடைசி நேரப் பெனால்டி கைத் மோதியதால் வந்தது. மறுபடி குர்பிரீத். ஒரு தப்புக்கு ஒரு ஆள் என்று மாற்றிக்கொண்டே போனால், முன்னால் நிற்கும் நான்கு பேருக்கும் பின்னால் கேட்கிற குரல் பழகவே பழகாது. என்னைக் கேட்டால் குர்பிரீத்தைச் சொல்வேன். கோலுக்கு முன் உயரப் பந்துகளை எடுப்பதில் அவருடைய உயரம் பெரிய பலம். ஆனால் யாரை வைத்தாலும் தொடர்ந்து வையுங்கள்.

நான் பள்ளி அணியில் லெஃப்ட் விங் ஆடுகிறேன். வரப்போகிற நட்பு ஆட்டத்தில் லெஃப்ட் பேக் ஆடு என்கிறார் எங்கள் மேடம். என்னைக் கீழே இறக்கிவிட்டார்களா, சார்?
பிளஸ் ஒன் மாணவி, ஆற்காடு

இல்லை அம்மா. உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அழுதுகொண்டே எழுதியிருக்கிறாய் என்று தோன்றியது.

1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு. நம் கோச் சையத் அப்துல் ரஹீம். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்றோம். தாய்லாந்து ஆட்டத்தில் நம்முடைய சிறந்த டிஃபென்டர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். டிஃபென்ஸில் தலையால் முட்டாமல் ஆட முடியாது. இன்னொருவராக இருந்தால் அவரை வெளியே உட்கார வைத்திருப்பார். ரஹீம் அவரை முன்னால் ஃபார்வர்டாக நிறுத்தினார். அரையிறுதியில் தெற்கு வியட்நாமை 3-2 என்று வென்றபோது ஜர்னைல் ஒரு கோல் போட்டார். இறுதி ஆட்டத்தில் அதே தென் கொரியா. பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. 2-1. தங்கம் நமக்கு. டிஃபென்ஸில் ஆடிப் பழகிய மனிதர், எதிரி டிஃபென்டர் அடுத்து என்ன செய்வான் என்று தெரிந்துவைத்திருந்தார்.

நீ இப்போது அதைத் திருப்பிச் செய்யப்போகிறாய். விங்கில் ஓடுகிறவள் எப்போது உள்ளே வெட்டுவாள், எப்போது கோட்டை ஒட்டிப் போவாள் என்பது உனக்குத் தெரியும். அதைத் தெரிந்தவளைத் தாண்டுவது கஷ்டம். நம் தமிழ்நாட்டு ஆட்டக்காரர் எட்வின் சிட்னி வான்ஸ்பால் 2018-19இல் சென்னை சிட்டி ஐ-லீக் வென்றபோது ரைட் பேக், பிறகு சென்னையின் எஃப்.சி.யில் நடுக்களம். இரண்டு இடம் தெரிந்ததால்தான் எந்தக் கோச்சுக்கும் அவர் தேவைப்பட்டார்.

ஒன்று மட்டும் செய். ஆட்டத்துக்கு முன்பே மேடத்திடம் போய், ‘நான் எப்போது மேலே ஏறலாம், ஏறினால் என் இடத்தை யார் பார்த்துக்கொள்வார்கள்?’ என்று கேள். அந்தக் கேள்வி கேட்கிற பெண்ணை எந்தக் கோச்சும் பெஞ்சில் உட்கார வைக்க மாட்டார்.

எங்கள் பையன்கள் பாலாற்று மணலில் ஆடிப் பழகியவர்கள். பெங்களூரிலிருந்து ஒரு அணி நேதாஜி மைதானத்தில் நட்பு ஆட்டம் ஆட வருகிறது. பதினெட்டுப் பேர் இருக்கிறோம். எல்லோரையும் இறக்க ஆசை. எப்படி நிறுத்துவது?
இளைஞர் மன்றத்தினர், மேல்விஷாரம்

எல்லோரையும் இறக்கலாம், ஒரேயடியாக இறக்காதீர்கள். இரு அணியும் பேசிக்கொண்டால் நட்பு ஆட்டத்தில் எத்தனை பேரை வேண்டுமானாலும் மாற்றலாம். கோல்கீப்பரையும் நடு டிஃபென்டர் இருவரையும் கடைசி வரை வைத்திருங்கள். மற்ற எட்டு இடத்தில், இடைவேளையில் மூன்று, அறுபதாவது நிமிடத்தில் இரண்டு, எழுபத்தைந்தில் இரண்டு என்று மாற்றுங்கள். பதினெட்டும் ஆடிவிடும், ஆட்டமும் கலையாது.

மணலைப் பற்றி முக்கியமாகச் சொல்ல வேண்டும். மணலில் பந்து உருளாது, அதனால் உங்கள் பையன்கள் பாஸை ஓங்கி உதைத்துப் பழகியிருப்பார்கள். கெட்டித் தரையில் அதே பாஸ் ஆளைத் தாண்டி வெளியே போய்விடும். முதல் கால் மணி நேரம் அதிலேயே வீணாகும். அதற்கு முன் இரண்டு மூன்று சாயங்காலமாவது கெட்டித் தரையில் பாஸ் மட்டும் பழகுங்கள். வெயிலையும் பாருங்கள், நான்கு மணிக்கு முன் தொடங்க வேண்டாம். வந்தவர்கள் பெங்களூர்க் குளிரில் பழகியவர்கள், அவர்களுக்கும் தண்ணீர் எடுத்து வையுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் யாரை எங்கே நிறுத்தினீர்கள், எப்போது மாற்றினீர்கள் என்று விவரமாக எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அதை வைத்தே பேசுவோம்.