கேளுங்கள் சொல்கிறோம்: கையால் செய்யும் மின்னணுச் சுருதிப் பெட்டி

கேள்வி: எங்கள் நூலகத்தில் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒருநாள் பட்டறை வைத்து, மின்னணு இசைக்கருவி ஒன்றை அவர்களையே செய்ய வைக்க ஆசை. சிந்தசைசர் என்றால் மலைப்பாக இருக்கிறது. எதில் தொடங்கலாம்?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: பாட்டுக்குத் துணையாக ச, ப ஒலித்துக்கொண்டே இருக்கும் சுருதிப் பெட்டியில் தொடங்குங்கள். நாகசுரம் கேட்டு வளர்ந்த காதுக்குச் சுருதி விலகினால் உடனே தெரியும், மீட்டரே வேண்டாம்.

ஸ்வரங்களை உண்டாக்க சிடி 40106 ஐசி (பல சுற்றுகள் அடங்கிய சில்லு) ஒன்று போதும். அதற்குள் ஆறு இன்வெர்ட்டர்கள் (வீட்டு இன்வெர்ட்டர் அல்ல; இன்புட்டைத் தலைகீழாக்கி அவுட்புட்டில் தரும் சிறு சுற்றுகள்). மூன்றைப் பயன்படுத்தினால் ச, ப, மேல் ச கிடைத்துவிடும். ஒவ்வொன்றின் இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு (பேட்டரியின் மைனஸ்) 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். அவுட்புட்டிலிருந்து அதே இன்புட்டுக்கு 33 கிலோ ஓம் ரெசிஸ்டர், 100 கிலோ ஓம் பாட் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்), நுணுக்கமாகச் சேர்க்க 5 கிலோ ஓம் பாட், மூன்றும் தொடராக. சுமார் 90 முதல் 360 ஹெர்ட்ஸ் வரை வரும். இரண்டு கட்டை சுருதிக்கு ச 147, ப 220, மேல் ச 294 ஹெர்ட்ஸ்.

மூன்று அவுட்புட்டுகளையும் தலா 470 கிலோ ஓம் வழியாக ஒரே இடத்தில் சேருங்கள். அங்கிருந்து கிரவுண்டுக்கு 0.047 மைக்ரோஃபாரட் போட்டால் சதுர அலையின் கரகரப்பு அடங்கும். பிறகு 1 மைக்ரோஃபாரட், 10 கிலோ ஓம் வால்யூம், ஒலியைப் பெருக்கும் எல்எம் 386 ஐசியின் 3ஆம் கால். அதன் 2, 4ஆம் கால்கள் கிரவுண்டுக்கு, 6ஆம் காலுக்கு 9 வோல்ட். 5ஆம் காலிலிருந்து 220 மைக்ரோஃபாரட் வழியாக 8 ஓம் ஸ்பீக்கர்.

40106-இல் 14ஆம் கால் பிளஸ், 7ஆம் கால் கிரவுண்டு. மீதி மூன்று இன்புட்டுகளையும் கிரவுண்டில் கட்டிவிட வேண்டும். எல்லோரும் மறப்பது இதைத்தான். தொங்கவிட்டால் ஐசி தானாகக் கத்தும், பேட்டரியையும் குடிக்கும்.

காலையில் பிரெட்போர்டு (சால்டர் இல்லாமல் உதிரிகளைச் செருகிப் பார்க்கும் பலகை) மட்டும். ச ஒலித்து, பிள்ளைகள் பாட்-களைத் திருகிப் பார்த்த பிறகு, மதியம் சால்டரிங் (ஈயத்தால் பற்றவைப்பது). ஐசியை நேராகச் சால்டர் செய்யாமல் சாக்கெட் வையுங்கள். உதிரிகளைச் சென்னை ரிச்சி தெருவில் மொத்தமாக வாங்கலாம்; ஐசி மட்டும் இரண்டு மடங்கு வாங்குங்கள்.

கேள்வி: 40106-இல் செய்த சுருதிப் பெட்டி அரைமணி நேரத்தில் நழுவுகிறது. பஞ்சமத்தைச் சேர்க்கும்போது திடீரென்று தாவி ஒட்டிக்கொள்கிறது.
(வாசகர், திருவாரூர்)

பதில்: முதல் குறைக்குக் காரணம் இரண்டு. பேட்டரி இறங்க இறங்க ஸ்வரமும் நகரும். 40106-க்கு மட்டும், வோல்டேஜை மாறாமல் வைக்கும் 78எல்05 வழியாக 5 வோல்ட் கொடுங்கள். வட்டமான செராமிக் கெபாசிட்டர் வெப்பத்தில் மதிப்பு மாறும். சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். பாலியஸ்டர் வகைக்கு மாற்றுங்கள்.

தாவுவது வேறு சங்கதி. ஒரே ஐசியில் ஓடும் ஸ்வரங்கள் மின்வழியில் ஒன்றையொன்று இழுக்கும். ச-வும் ப-வும் 2:3 என்ற எளிய விகிதம் என்பதால் சுலபமாகப் பூட்டிக்கொள்ளும். 14, 7ஆம் கால்களுக்கு நடுவே, ஐசியை ஒட்டியே, 0.1 மைக்ரோஃபாரட் போடுங்கள். அடங்காவிட்டால் பஞ்சமத்துக்குத் தனி ஐசி. ஆனால் பூட்டிய பஞ்சமம் அலையாமல் சுத்தமாக நிற்கும். எங்களைக் கேட்டால் அப்படியே விட்டுவிடலாம்.

கேள்வி: வீணையின் குதிரைக்குப் (தந்திகளைத் தாங்கும் பாலம்) பக்கத்தில், அதிர்வை மின்சாரமாக மாற்றும் பீசோ வட்டு ஒட்டி மிக்சரில் கொடுத்தால் தகர டப்பா மாதிரி கேட்கிறது.
(வாசகர், மயிலாடுதுறை)

பதில்: 27 மி.மீ. பீசோ சுமார் 20 நானோஃபாரட் கெபாசிட்டர் போல நடந்துகொள்ளும். மிக்சரின் இன்புட் 10 கிலோ ஓம் என்றால் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி தேயும். வீணையின் ஸ்வரங்கள் பெரும்பாலும் அங்கேதான். நடுவில் டிஎல் 071 ஐசியால் ஒரு பஃபர் (பீசோவுக்குச் சுமை தராமல் ஒலியைக் கடத்தும் சுற்று) வைத்து, அதன் பிளஸ் இன்புட்டிலிருந்து சப்ளையின் பாதி வோல்டேஜுக்கு 1 மெகா ஓம் போடுங்கள். வயர் ஷீல்டு உள்ளதாக, குட்டையாக இருக்கட்டும். பீசோவின் வெள்ளிப் பூச்சில் சால்டரிங் அயர்னை இரண்டு விநாடிக்கு மேல் வைத்தால் பூச்சு பெயர்ந்துவிடும்.

கேள்வி: உதிரிகளின் கால்களில் ஈயம் ஒட்டவே மாட்டேன் என்கிறது.
(வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: உப்புக்காற்றில் கால்கள் கறுத்திருக்கும். பிளேடால் லேசாகச் சுரண்டி, ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) தடவிச் சூடாக்குங்கள். மீதி உதிரிகளை மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள்.